மாத்திரை நேரத்து அலாரம்

என்னங்க,

உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்கு மறுபடி வலிப்பு வரவில்லை என்று கேட்டு நிம்மதி. அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சேர்த்திருக்கும் வைட்டமின், அந்த மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல.

அவள் மாத்திரை நேரத்துக்கு இங்கே என் கைபேசியில் நான் வைத்திருக்கும் அலாரம் நேற்று அலுவலகக் கூட்டத்தின் நடுவே அலறியது. "முதல்ல மாத்திரையப் போடுங்கம்மா!" என்று மேலாளர் பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார். பையில் கிடந்த புதினா மிட்டாயைப் பயபக்தியோடு விழுங்கினேன். இன்று காலையிலிருந்தே மனிதர் தம்ளரும் கையுமாக என்னைச் சுற்றுகிறார்.

மாத்திரை போடும்போது பாப்பா "கசக்குதுப்பா" என்று சிணுங்குவாளே, அதைப் பதிவு செய்து அனுப்புங்கள். என் மிட்டாய்க்குத் துணையாக இருக்கும்.

அலாரம் அடிக்கிறது. தம்ளர் வருகிறது. முடிக்கிறேன்.

உங்களவள்