நந்தியாவட்டை இரண்டு

அன்று பிள்ளையார் கோவிலில் நின்றவர்கள் நான்கு பேர்: நீங்கள், நான், என் மூத்தவள் தர்சினி, ஐயர். வேறொருவரும் இல்லை. இதை நினைவிலிருந்து எழுதவில்லை, ரீச்சர். கோவிலுக்குக் கொண்டுபோகும் பூ, வெற்றிலை, கற்பூரம் எல்லாவற்றையும் எண்ணி எழுதுகிற என் பழைய கொப்பி, முந்தாநாள் சாமியறை அலுமாரியைத் துடைக்கும்போது கையில் வந்தது. விபூதி மணக்கிற அந்தப் பக்கத்தில் "ரீச்சரும் வந்தவ" என்று இருக்கிறது. அதற்குக் கீழே, என் கையெழுத்தில்தான்: "நந்தியாவட்டை இரண்டு. செவ்வரத்தை இல்லை."

அந்த வரியை நீங்கள் பார்த்ததில்லை.

தர்சினியின் சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்த கிழமை ஸ்கூட்டியில் வந்து இறங்கினீர்கள். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பித்தவர் நீங்கள்; புதிதாகத் தொடங்கிய தொழிற்பிரிவும் உங்கள் பொறுப்பில்தான் இருந்தது. "தேத்தண்ணி பிறகு, முதல் கையெழுத்து" என்றபடி படிவத்தை நீட்டினீர்கள். "தர்சினியை எனக்குத் தாங்கோ. விளையாட்டுப் பாடம் எடுத்தால் பயிற்சியும் கிடைக்கும், சான்றிதழும் கிடைக்கும். உவள் ஈட்டி எறிஞ்சா, அளக்கிற ஆக்கள் பின்னுக்கு ஓடவேண்டிக் கிடக்கு."

"தொழிற்பிரிவு பெயில் விட்ட பிள்ளையளுக்கெல்லோ, ரீச்சர்? இவள் கணக்கிலை ஏ எடுத்தவள். வர்த்தகந்தான் படிக்கவேணும்."

"அப்ப ஈட்டி போற தூரத்தை ஆர் கணக்குப் பாக்கிறது?"

சிரித்தேன். ஆனால் மனம் இளகவில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. பிறகு யாரோ கழித்துவிட்ட கணக்கீட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகப் படித்தேன். ஓர் ஐந்தொகையின் இரண்டு பக்கமும் முதன்முதலாகச் சமப்பட்ட அன்று, கோவிலை மூன்று முறை சுற்றிவந்தேன். வர்த்தகப் பிரிவு என்பது தர்சினியின் ஆசையே இல்லை. என் ஆசை. அதை அன்று உங்களிடம் சொல்லியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

தர்சினி தன் காலைப் பார்த்துக்கொண்டு, "அம்மா சொல்லுறதைச் செய்யிறன்" என்றாள். நீங்களோ எழும்புகிற ஆளாகத் தெரியவில்லை. அப்போதுதான் நான் சொன்னேன்: "பூக்கட்டிப் பாப்பம். வெள்ளை வந்தால் வர்த்தகம், சிவப்பு வந்தால் உங்கடை பிரிவு. அவள்தான் எடுக்கட்டும்."

"சரி, பிள்ளையார் என்ரை பக்கந்தான். ஓட்டப்போட்டியிலை தம்பியை வென்ற ஆளெல்லோ!"

"அவர் எங்கை ஓடினவர், ரீச்சர்? தாய் தேப்பனைச் சுத்திப்போட்டு மாம்பழத்தை வாங்கினவர்."

எவ்வளவு சிரித்தீர்கள்! மறுநாள் காலை முற்றத்தில் ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரத்தையும் பிடுங்கினேன். வாழையிலைத் துண்டில் வெள்ளையை வைத்துக் கட்டினேன். மற்றதில் சிவப்பை வைத்தேன். நார் சுற்றுவதற்கு முன் அதை வெளியே எடுத்தேன். திரும்பவும் மரத்தடிக்குப் போய் இன்னொரு வெள்ளையைப் பிடுங்கிவந்து வைத்தேன். சிவப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

ஐயர் இரண்டு பொட்டலத்தையும் பிள்ளையாரின் காலடியில் வைத்துப் பூசை செய்து தட்டை நீட்டினார். தர்சினி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அவள் அழவில்லை. உள்ளங்கையில் ஈட்டி பிடித்துக் காய்த்த இடத்தை மற்றக் கையால் தடவிக்கொண்டு நின்றாள்.

"மற்றதையும் பிரியுங்கோவன், தர்சினியம்மா. என்ரை பூவின்ரை முகத்தையெண்டாலும் பாப்பம்."

"பிரிக்கக்கூடாது, ரீச்சர். சாமிக்குற்றம்."

அப்படி ஒரு முறையும் இல்லை. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது, அவ்வளவுதான். வாடிய பூப் போடுகிற தொட்டிக்குள் பொட்டலத்தை எறிந்துவிட்டுத் திரும்பினேன். நீங்கள் என்னைப் பார்த்தபடி நின்றீர்கள். பிறகு "சரி" என்றீர்கள். அவ்வளவுதான்.

தர்சினி வர்த்தகம் படித்தாள். சித்தியடைந்தாள், ஆனால் பல்கலைக்கழகம் போக அந்தப் புள்ளி போதவில்லை. இப்போது அச்சுவேலியில் ஒரு கடையில் பில் எழுதுகிறாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லம் இல்லமாகப் பிரிந்து மோதுகிற விளையாட்டுப்போட்டி நாளில் மட்டும் வேறு ஒழுங்கையால் சுற்றி வேலைக்குப் போவாள்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். விபூதியைப் பூசிவிட்டு வாயெடுப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "பிள்ளையாரும் நீங்களும் ஒரே இல்லம், தர்சினியம்மா. நான்தான் எதிர் இல்லம்." மூச்சு வாங்க வாங்கச் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த முறை உங்களைப் பார்த்தது உங்கள் செத்தவீட்டில்.

இப்போது இளையவள் நிலானி பிரிவு தெரிவதற்கான படிவம் மேசையில் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் தர்சினி வேலையால் வந்து சொன்னாள்: "தங்கச்சிக்கும் பூக்கட்டுங்கோ, அம்மா. பிள்ளையார் சொன்னதெண்டால் மனம் ஆறும். எனக்கும் அப்பிடித்தானே ஆறினது."

அதைக் கேட்டபின் இருக்க முடியவில்லை. கொப்பியைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன்.

வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். சத்தம் போடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். "ரீச்சருக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாதெண்டுதான் நினைக்கிறன்."

"நினைக்கிறதைக் கணக்கிலை எழுதக்கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்."

எழும்பிப் போய்த் தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேருமாகப் படிவத்தை நிரப்பினார்கள். எந்தப் பிரிவு என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துக்கு நீட்டியபோது போட்டுக் கொடுத்தேன்.

நேற்றிலிருந்து அவள் என்னோடு கதைக்கவில்லை. இன்று காலை சாமிக்கு விளக்கேற்றும்போது, ஒன்றும் இல்லாத சேலைத் தலைப்பை என் கை அவிழ்த்துப் பார்க்கிறது. இத்தனை வருடமாக அந்தச் செவ்வரத்தையை முடிந்துகொண்டுதான் திரிகிறேன்.

அன்று தொட்டியடியில் என்னைப் பார்த்தீர்களே, ரீச்சர். தெரிந்துதான் "சரி" என்றீர்களா? தெரிந்திருந்தால், பிள்ளையார் உங்களைக் கைவிட்டார் என்ற நினைப்போடு நீங்கள் போகவில்லை. தெரியாதென்றால், அந்தப் பழியும் என்னுடையது. தர்சினி கேட்டதற்கு நான் ஒரு பதில் சொல்லவேண்டும். கனவிலென்றாலும் பரவாயில்லை, கெதியாய் ஒரு மறுமொழி தாங்கோ.