அமெரிக்கா ஆராய்ச்சி

2006 ஆகஸ்ட், சனி இரவு

திருப்பூர் காதர்பேட்டையில் என் பனியன் கடையில் உட்கார்ந்தே உலகம் பார்த்தவன் நான். அந்தத் தைரியத்தில்தான் தங்கை மகள் கலாவிடம் போன வருஷம் சொன்னேன்: "ஊட்டுல பையன்கிட்ட இங்கிலீஷ்லயே பேசு கண்ணு. அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணியே சொல்லிப்போட்டாங்க."

இன்று பையனின் பள்ளிக்கூடத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று வயதாகியும் பையன் பேசவில்லை.

கலாவையும் பையனையும் வெளியே உட்காரவைத்துவிட்டு, "கலா சொன்னாங்களே, எந்த ஆராய்ச்சிங்க அது?" என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

நிஜத்தில், கடைக்குச் சரக்கெடுக்க வந்த ஒரு வியாபாரியின் குழந்தை இங்கிலீஷில் வெளுத்துக் கட்டியதைப் பார்த்தேன். அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"ஏனுங்க, உங்க கடையில ஒரு பீஸைப் பாத்துட்டு மொத்த லாட்டையும் பாஸ் பண்ணுவீங்களா? தாய் பேச்சைக் கேட்டுத்தான் குழந்தைக்குப் பேச்சு வரும்னு எத்தனையோ ஆராய்ச்சி இருக்குதுங்க."

சிரித்து மழுப்பினேன். கலாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'கம்', 'சிட்', 'ஈட்' மட்டும்தானாம். மற்ற நேரமெல்லாம் பையனிடம் வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள்.

நான் வெளியே வந்ததும் கலா கேட்டாள்: "மாமா, டீச்சர் சொல்றாப்பல இனித் தமிழ்ல பேசலாங்களா? ஆராய்ச்சிக்காரங்க ஒத்துக்குவாங்களா?"

"புது ஆராய்ச்சி வந்திருக்குது கண்ணு, தாராளமா பேசலாம்" என்றேன். அதையும் நம்பிவிட்டாள்.

அங்கேயே குனிந்து, "சாமி, தண்ணி குடிக்கறயா?" என்று பையனைக் கேட்டாள். யாரோ புது ஆள் பேசுவதுபோல அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.