முட்டைக்குள்ளிருந்து யோசித்தது

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே மூன்று பேரும் சௌக்கியம், என் வலது கை மட்டும் கட்டுக்குள் சௌக்கியம். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், நடுவில் அவள் சரக்கு கலந்திருந்தால் என்னைத் திட்டாதே. (அக்கா, கையெழுத்து என்னுடையது, தலையெழுத்து அப்பாவுடையது.)

வேலையை விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். அந்த முதியோர் இல்லத்தில் தங்கி வேலை பார்ப்பதால் வாசலைத் தாண்டக்கூட அனுமதி வேண்டும், லீவு கேட்டால் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்கிறார்கள், மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தாய். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று பதில் எழுதத்தான் நினைத்திருந்தேன், உன் அம்மாவும் அதையேதான் சொன்னாள். அதற்குள் எனக்கு இது நடந்துவிட்டது. எங்கள் அருங்காட்சியகத்தில் உலகம் உண்டான கதைகளுக்கென்று ஒரு கூடம் திறக்க இருந்தார்கள். எந்த நாட்டுக் கதையானாலும் முதலில் இருட்டும் தண்ணீரும்தான், பிறகு ஒரு முட்டை, இல்லாவிட்டால் பூமிமேல் கவிழ்ந்து அமுக்கும் வானம், அப்புறம் களிமண்ணில் பிடித்த மனிதன். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஜனங்கள் எப்படி ஒன்றுபோலச் சொன்னார்களோ. (களிமண் உண்மைதான், என் தலைக்குள் இருப்பதாக அம்மா தினமும் சொல்கிறாள்.) அந்த முட்டையைச் செய்தது நான், ஆள் உயரம், கம்பி வலைமேல் பிளாஸ்டர். உள்ளே போய்த்தான் போல்ட் முடுக்க வேண்டும், பின்பக்கத் திறப்பு வழியாக வெளியே வர வேண்டும். நான் முடுக்கிக்கொண்டிருந்தபோது இருட்டியது, கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். காதில் பாட்டு மாட்டியிருந்த பூச்சுக்காரர், நான் போய்விட்டதாக எண்ணித் திறப்புக்கும் வலை வைத்துப் பூசிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாராம். கத்தினேன். பொறுப்பாளர் வந்து முட்டை ஓட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, “கொஞ்சம் பொறுத்துக்கங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், சாயங்காலம் விழா முடிஞ்சதும் பாத்துக்கலாம்” என்றார். காற்றுக்கு வெளியே தெரியாமல் ஒரு துளை போட்டுத் தருவதாகவும் சொன்னார். உட்காரவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் இருந்தேன் மகளே, விட்ட மூச்சு என் முகத்திலேயே வந்து அடித்தது. பொறுத்துக்கொள், உனக்கு நான் எழுத இருந்த அதே வார்த்தை. அந்தக் கதைகளில் முட்டையை வெளியிலிருந்து யாரும் உடைப்பதில்லை, வானத்தைக்கூட அதற்கும் பூமிக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த அவற்றின் பிள்ளைகள்தான் காலால் உதைத்துத் தூக்குகிறார்கள். நானும் உதைத்தேன், உடைந்த இடம் வழியாக வெளியே வரும்போது கம்பி கையைக் கிழித்தது. (முட்டையை முட்டியால் முட்டினார்.) விழா நின்றது, என்னை இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். இனி நீ அனுப்புவதில்தான் இந்த வீடு ஓட வேண்டும் என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அதைச் சொல்லித்தான் உன்னை அங்கேயே வைத்துப் பூச முடியும். நான் பூச மாட்டேன். வந்துவிடு. எப்படி ஓட்டுவது என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா, உன் கட்டில்மேல் அடுக்கியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

கிளம்புவதை அவர்களிடம் சொல்வதற்கு முன் உன் சான்றிதழ்களைக் கையில் வாங்கிக்கொள், மறக்காதே. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு.

இப்படிக்கு
உன் அப்பா

(அக்கா, இதில் விளையாட்டு இல்லை. வா.)