முன்கண்ணாடிக்கு வரும் காற்று

வேனின் கதவைத் திறந்ததும் புகையிலை வாசனை அடித்தது. மென்று துப்பிய வாசனை இல்லை. ஈரப் புகையிலையைக் கண்ணாடியில் தேய்த்துக் காயவிட்ட வாசனை. முன்கண்ணாடியின் உள்பக்கம், ஓட்டுநரின் முகத்துக்கு நேராக, பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். இஞ்சினைப் போடவில்லை, மீட்டரை மாட்டவில்லை. வண்டிக்கு என்ன பழுது என்று அதற்குள் தெரிந்துவிட்டது. மழையில் கண்ணாடி உள்ளே பனிபூத்து, அதைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனவன்தான், புகையிலை தேய்த்தால் பனி பிடிக்காது என்று நம்பி இந்த வேலையைச் செய்வான். நீயும் செய்தாய்.

நீ போய் நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அழுது எழுதுவது எனக்கு வராது. இன்று எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் இப்போது சேவூர் ரோட்டில், ரைஸ் மில்லுக்கு எதிரே, சொந்தமாகக் கார் ஏசி கடை வைத்திருக்கிறேன். மில்லிலிருந்து வரும் உமித்தூசுதான் எனக்குப் பாதி வேலை கொடுக்கிறது. பக்கத்தில் வாட்டர் வாஷ் கடை. அதை நடத்துகிறவன் நண்பன், அவனோடு இரண்டு வேளை டீ. நன்றாகத்தான் இருக்கிறேன்.

வேன் முதலாளி பின்னாலேயே தன் புது பைக்கில் வந்து இறங்கினார். மூன்று வேன் வைத்து, கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களை ஆரணிக்கு ஏற்றி இறக்குகிறவர்.

"தம்பி, பின்னாடி கூலிங்கே பத்தல. நேத்து திண்டிவனம் பார்ட்டி மானத்த வாங்கிட்டாங்க. கேஸ் கம்மியா இருக்கும், ஜல்தியா ஏத்திடு."

"கேஸ் அப்புறம். முன்னாடி காத்து வருதா?"

"முன்னாடி எதுக்குப்பா? முன்னாடி டிரைவர்தான உக்காந்துகினு இருக்கான்."

அந்த டிரைவர் அவருக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர். காதில் விழாதவர்போல மில்லின் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையும் எனக்குப் பழக்கம்தான்.

இந்த ஊரில் கார் ஏசிக்கு ஒரே ஒரு நோய்தான், உனக்குத் தெரியும். 'கேஸ் இல்லை.' காற்றே வரவில்லை என்றாலும் கேஸ், காற்று வந்து குளிர்ச்சி வரவில்லை என்றாலும் கேஸ். நீ அதை வைத்தே என்னைக் கிண்டல் செய்வாய். "டேய், எங்க மாமனுக்கு ரெண்டு நாளா மூச்சு வாங்குது. இட்டுகினு வரட்டா? கொஞ்சம் கேஸ் ஏத்திவுடு." குளிர்ச்சி வேறு, காற்று வேறு என்பதை எனக்கு எந்தப் பாடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு வண்டியாகப் பிரித்துத்தான் கற்றுக்கொண்டேன். அதில் பாதி, நீ டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த வண்டிகள். நான் இடது சீட்டுக்கு முன்னால், டாஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகக் கிடப்பேன், நீ மேலே இருந்து வர்ணனை செய்வாய்.

அந்தக் கல்யாணக் காரை மறந்திருக்க மாட்டாய். ஏசி போட்டால் டக்டக்கென்று சத்தம், காற்று பாதிதான் வருகிறது என்று கொண்டுவந்தாய். டாஷ்போர்டின் பெட்டியைக் கழற்றி, காற்றைத் தள்ளும் புளோயரை வெளியே எடுத்தேன். அதன் விசிறிக்குள் ரோஜா இதழும் மஞ்சள் அட்சதையும். மணமக்கள் மேல் எறிந்தது வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக இறங்கியிருக்கிறது. அட்சதையோடு கலந்திருந்த நெல் நாலைந்து, ஈரத்தில் முளைவிட்டிருந்தது. நீ அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "மாப்ள பொண்ணுக்கு இன்னும் ஒண்ணுமில்ல, வண்டிக்கி பொறந்துடுச்சி பாரு" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் தலை டாஷ்போர்டில் இடித்தது.

நாம் இருவரும் ஒரே காலனி, ஒரே பள்ளி. நிலம் இல்லாத வீடுகள். நான் ஸ்பேனரைப் பிடித்தேன், நீ ஸ்டியரிங்கைப் பிடித்தாய். பட்டுக்கடை வாசலில் பார்ட்டி உள்ளே புடவை பார்க்கும் மூன்று மணி நேரமும் நீ வெயிலில் நிற்பாய். டீசல் வீணாகும், ஏசி போடக் கூடாது என்று உத்தரவு. கடைக்குள் ஏசி உண்டு, டிரைவருக்கு உள்ளே வேலை இல்லை. "நம்ம ஏசி பின்சீட்டுலயே முடிஞ்சிபோவுதுடா" என்று ஒருநாள் சொன்னாய். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நீ எதையாவது ஒருமுறை கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

இனி நான் சொல்ல வேண்டியது. அப்போது நான் வேறொருவர் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். உன் முதலாளி உன் வேனோடு வந்தார். முன்னால் ஒரு புளோயர், பின்னால் ஒரு புளோயர் உள்ள வண்டி. "முன்னாடி போற காத்த கட் பண்ணிடு. அத்தனையும் பின்னாடி போவட்டும்" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். "உடுடா. எனக்கு எதுக்கு ஏசி? கண்ணாடிய எறக்கிகினா ஜில்லுனு காத்து" என்றாய். நீ அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. முதலாளியோடு பேச வேண்டிய வேலை மிச்சம். கட்டரை எடுத்து முன் புளோயரின் ஒயரை வெட்டி டேப் சுற்றினேன். இரண்டு நிமிட வேலை.

அது தொழில்ரீதியாகவே தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. முன்னால் காற்று ஓடாவிட்டால் முன்பக்கக் குளிர்ச்சுருளில் பனி கட்டும். அங்கே இருக்கும் சென்சார் அதைப் பார்த்து கம்ப்ரஸரை நிறுத்திவிடும். பின்னால் வரும் குளிர்ச்சியும் போகும். பத்து நாளில் நீயே வந்து, "பின்னாடி சரியா வரலன்னு கத்தறாங்க" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேஸ் ஏற்றினேன்.

ஆனால் அந்தத் தப்பு குளிர்ச்சியோடு நிற்கவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம் என்றாயே, மழையில் எப்படி இறக்குவாய்? பின்சீட்டில் புதுப்பட்டு மடியில் வைத்திருக்கிறவர்கள் இறக்க விடுவார்களா? பதினொரு பேர் மூச்சுவிடும் மூடிய வண்டியில், முன்கண்ணாடிக்குக் காற்று இல்லை என்றால் பனிபூக்காமல் என்ன செய்யும்? அந்த மழைக்காலத்திலேயே, சேத்துப்பட்டு ரோட்டில், பட்டப்பகலில், கொட்டும் மழையில், ஓரமாக நின்றிருந்த நெல் லாரியை நீ பார்க்கவில்லை. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. உனக்கு அந்த இடத்திலேயே முடிந்தது. நொறுங்காமல் மிச்சமிருந்த கண்ணாடித் துண்டில் புகையிலைக் கறையை நான் பார்த்தேன். வழக்கில், எல்லா விபத்துக்கும் எழுதும் அதே வரியை உனக்கும் எழுதினார்கள்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்.' ஒயரை வெட்டச் சொன்ன வாய் ஜாக்கிரதையாகத் தன் வீட்டில் இருந்தது. வெட்டிய கையும் வாயை மூடிக்கொண்டு உன் பாடையைத் தூக்கியது. செத்தவன் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் பார். அவன் எந்த விசாரணைக்கும் வரமாட்டான்.

எனவே, இன்று இந்த முதலாளி "முன்னாடி எதுக்குப்பா?" என்றபோது, எனக்குக் கேட்டது அவர் குரல் மட்டும் இல்லை.

"முன்னாடி ஓடினாதான் பின்னாடி சில்லுனு வரும்" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. கேட்டதும் ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் பின்சீட்டின் சொகுசுக்காக முன்கண்ணாடி பிழைப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. வானம் மேகமூட்டமாக இருந்தது. மாலை அந்த வண்டி மறுபடி ரோட்டுக்குப் போகும். ஒருவர் அதே வட்டத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டுவார்.

"மொதலாளி, நீங்க டிரைவர் சீட்டுல உக்காருங்க, ஒரு டெஸ்டு பண்ணணும்" என்றேன். கால் வைக்கும் இடத்தில் ஈரச் சாக்கை விரித்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்டோக்காரர்களையும் டிரைவரையும் பின்னால் ஏற்றி, நானும் ஏறி, எல்லாக் கண்ணாடியையும் மூடினேன். ஏற்கனவே சொல்லிவைத்தபடி வாட்டர் வாஷ் நண்பன் முன்கண்ணாடி மேல் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தான்.

"இன்னாப்பா இது, மூச்சு முட்டுது."

"மூச்சுதான் வேணும் மொதலாளி. நல்லா இஸ்த்து வுடுங்க."

"யோவ், பீடிய அணைய்யா" என்று ஓர் ஆட்டோக்காரர் இன்னொருவரை அடித்தார். "இவுரு கல்யாணத்துக்கு நம்பள வாழத்தாராட்டம் பொகபோட்டு பழுக்கவெக்கிறாரு."

ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மங்கியது. எட்டாவது நிமிடத்தில் பால் ஊற்றியதுபோல வெளுத்தது. முதலாளி உள்ளங்கையால் துடைத்தார். துடைத்த இடம் நாலு மூச்சில் மறுபடி வெளுத்தது.

"வண்டிக்கி எதுருல இன்னா நிக்கிது, சொல்லுங்க" என்றேன்.

மறுபடி துடைத்தார். குனிந்து பார்த்தார். "ஒண்ணும் நிக்கல."

"நல்லா பாத்து சொல்லுங்க. இப்ப கியர் போட்டு எடுக்கப் போறீங்க."

"ஒண்ணும் நிக்கலன்றன்ல?"

கதவைத் திறந்து இறக்கிக் காட்டினேன். பம்பரிலிருந்து நாலடியில், கண்ணாடி வெளுத்ததும் நண்பன் தள்ளிவந்து நிறுத்திய அவருடைய புது பைக் நனைந்துகொண்டு நின்றது. ஆட்டோக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் டீக்கடைப் பக்கம் ஓடினார்கள். டிரைவர் சிரிக்கவில்லை.

"சரி சரி, ரொம்ப படம் காட்டாத" என்றார் முதலாளி, பைக்கின் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தபடி. "ரெண்டு பக்கமும் பண்ணிடு. பின்னாடியும் சில்லுனு வரும்ல?"

"அதுவும் வரும்" என்றேன். எதற்காக ஒப்புக்கொண்டார், பைக்குக்காகவா பின்சீட்டுக்காகவா என்று எனக்குத் தெரியாது. அந்த டிரைவருக்காக இல்லை என்பது மட்டும் தெரியும். பரவாயில்லை. மனசு மாறும்வரை காத்திருந்தால் மழை வந்துவிடும்.

அவர் போனதும் பெட்டியைக் கழற்றினேன். இந்த வண்டியில் யாரும் ஒயரை வெட்டவில்லை. எலி கூடு கட்டியிருந்தது. நெசவு வீடுகளின் கழிவு நூலை இழுத்துவந்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று விசிறி முழுக்கச் சுற்றியிருந்தது. நடுவில் ஜரிகை வேறு. மேல்துணியே இல்லாமல் நெய்கிறவன் இருக்கும் ஊரில் எலி பட்டுமெத்தையில் தூங்கியிருக்கிறது. விசிறி சுற்ற முடியாமல் மோட்டார் திணறிக் கருகி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரும் பிளக்கும் உருகிவிட்டன. மூன்றையும் மாற்றினேன். குளிர்ச்சுருளில் அப்பியிருந்த உமித்தூசைக் கழுவினேன். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பும் சின்னக் கதவின் கேபிள் கழன்று கிடந்தது. அதையும் மாட்டினேன். மதியம் தாண்டியது.

கண்ணாடியை மறுபடி பனிபூக்க வைத்து, காற்றை மேலே திருப்பினேன். கீழிருந்து இரண்டு வளைவாகத் தெளிந்து வந்தது. ரைஸ் மில், பெயர்ப்பலகை, எதிரே போன டவுன் பஸ், எல்லாம் ஒவ்வொன்றாக ஊருக்குத் திரும்பின.

டிரைவர் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, இன்னாத்துக்கு அவுருகிட்ட இவ்ளோ பேஜாரு? அவுரு அடுத்த வண்டிய உங்கிட்ட அனுப்ப மாட்டாரு."

உன்னைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன். ஒயரை வெட்டியது இந்தக் கை என்றும் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டாஷ்போர்டில் இருந்த ஏசித் திருகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல கண்ணாடிக்கி எந்தப் பக்கம் திருப்பணும்? ஆறு வருசமா ஓட்டிகினு இருக்கன், இத தொட்டதே இல்ல. பாசஞ்சரு சமாச்சாரம்னு நெனச்சிகினு இருந்தன்."

நானும் உனக்கு அதைக் காட்டியதில்லை. நீ கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. எத்தனை வண்டிக்கு டார்ச் பிடித்திருப்பாய்.

கடைசி வரை வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினார். காற்று இரைந்துகொண்டு கண்ணாடிக்கு ஏறியது. அணைத்துவிட்டு, நான் சொல்லாமலே மறுபடி திருப்பிப் பார்த்தார்.

இன்றிலிருந்து என் கடையில் ஒரு வழக்கம். எந்த வண்டி வேலை முடிந்தாலும் சாவியை முதலாளியிடம் கொடுப்பதில்லை. ஓட்டுகிறவர் வர வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, தன் கையால் அந்தத் திருகைத் திருப்பி, காற்று முன்கண்ணாடிக்கு வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் சாவி. முறைக்கிறவர்கள் முறைக்கட்டும்.

அந்த டிரைவர் கிளம்பும்போது தூறல் போட ஆரம்பித்திருந்தது. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ரோட்டில் திரும்பினார். எதிரே வந்த பஸ்ஸைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, நிறுத்தி வழிவிட்டார்.