ஏறின இருபதும் இறங்கின இருபதும்

மெர்டேக்கா என்று கொண்டாடிய நாட்டு விடுதலை வந்த மறுவருஷம். இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வன்று, காஜா பெராங் வீட்டில் விடியுமுன் எழுந்த மாணிக்கவாசகம், தூங்கும் மகள் அன்னபூரணிக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தார். முதல் பஸ்ஸை அவர்தான் ஓட்ட வேண்டும்.

‘அன்னம், ரொட்டியும் தடவிக்கொள்ளக் காயா ஜாமும் மேசைமேல் இருக்கு. சாப்பிடாமல் போகாதே. சாவியைப் பக்கத்து வீட்டுச் சீன நோன்யா அம்மாவிடம் கொடு.’

அதற்குமேல் பென்சில் நகரவில்லை. முந்தின நாள், தெங்கேராவிலிருந்து வந்த தம் அண்ணன் எதிரில்தான், மகள் பயிற்சி நோட்டில் போட்டிருந்த கணக்கைப் பார்த்துக் கேட்டார்: “விலை நூத்துக்கு இருபது ஏறி, பிறகு நூத்துக்கு இருபது இறங்குனா பழைய விலைதானே?”

“இல்லப்பா, குறைஞ்சிடும்.”

“அப்பனுக்கே சொல்லித் தர்றியா?” என்று தலையில் குட்டினார். அண்ணன் சிரித்தார். அவள் நோட்டில் தன் விடையை அழித்துவிட்டு அப்பா சொன்னதையே எழுதினாள்.

இன்று எழுந்து முகம் கழுவும்போதுதான் அவருக்கு உறைத்தது. நூறு, நூற்றிருபதாகிறது. அதில் இருபது சதவீதம் இருபத்துநாலு. மிச்சம் தொண்ணூற்றாறு. உடம்பே கூசிப்போயிற்று. தேர்விலும் அப்படியே எழுதிவிடுவாளோ? எழுப்பிச் சொல்ல வாய் வரவில்லை.

‘நீ போட்டதுதான் சரி. விலை குறையும். அப்பாதான் தப்பு.’

அடியில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கினார்: ‘சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்கிறேன்.’

வாசல்வரை போனவர் திரும்பிவந்தார். சீட்டைப் பார்க்காமலே போய்விட்டால்? மகளின் தோளைத் தொட்டார்.

“அன்னம், நீ சொன்னதுதான் சரி.”

“தெரியும்ப்பா,” என்றாள், கண்ணைத் திறக்காமல்.