இரண்டு தடவை கேட்கும் லாரி

ஜூன் 9
மறுபடியும் அதே கதை. டிரைவர் ராசையா அண்ணன் தன் மின்சார லாரியை எங்கள் சார்ஜரில் மாட்டினார். கொஞ்ச நேரத்திலேயே லாரி ‘பேட்டரி சூடு’ என்று காட்டி, கரண்ட் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. கொட்டுகிற மழையில் வந்த வண்டி. எங்கே சூடு? அவர் எண்ணூரில் இருக்கும் லாரிக் கம்பெனியின் சொந்த சார்ஜருக்கே போய் வரிசையில் நின்றார்.

திருவொற்றியூர் மளிகைக் குடோனின் முன்பக்கத்தை அப்பா எனக்கும் என் கூட்டாளி வால்டருக்கும் விட்டுக்கொடுத்தது இந்த சார்ஜருக்காக. தீபாவளிச் சரக்கு வரும்வரை கெடு. “அதுக்குள்ள வண்டி வரலைன்னா மூட்டைய இறக்கிருவேன், பாத்துக்கோ” என்கிறார். பெற்ற மகளிடம் பேசுகிற பேச்சா இது?

ஜூன் 21
கேபிள் வழியாக லாரியும் சார்ஜரும் பேசிக்கொள்வதை இங்கேயும் எண்ணூரிலும் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்த்தோம். சார்ஜர் தன் பெயரைச் சொல்லும் இடம் வரை எல்லாம் ஒன்று. கம்பெனியின் பெயர் என்றால் வாங்கிக்கொள்கிறது. வேறு பெயர் என்றால் உடனே சூடு. அயோக்கியத்தனம். லாரி பொய் சொல்கிறது.

ஜூன் 22
எங்கள் சார்ஜரையும் அந்தப் பெயரையே சொல்ல வைத்தோம். லாரி மறுபேச்சில்லாமல் சார்ஜ் ஏற்றிக்கொண்டது!

வால்டர் ராயபுரம் வீட்டிலிருந்து சுறாப்புட்டு கொண்டுவந்திருந்தான். சாப்பிடும்போது, நம்மை அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டான். பெரிய மேதாவி மாதிரி சொன்னேன் — நானாக இருந்தால் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பேன். சொந்த ஆளுக்கு விஷயம் தெரியும், இரண்டாவது தடவை வாயைத் திறக்க மாட்டான். வேஷம் போட்டவன் பவ்யமாக இரண்டுக்கும் பதில் சொல்லி மாட்டிக்கொள்வான்.

“இன்னா மூளை வச்சினு கீற சுஜா” என்று சிரித்தான்.

ஜூலை 30
மீஞ்சூரிலிருந்துகூட லாரிகள் வருகின்றன. அப்பா டிரைவர்களுக்கு டீ வாங்கித் தருகிறார்.

ஆகஸ்ட் 18
வால்டருக்கு வேலை கிடைத்திருக்கிறது. எங்கே? அதே லாரிக் கம்பெனியில்.

“வூட்ல பேஜாரா கீது. இன்னா பண்ணச் சொல்ற?”

போ என்றேன். நம் விஷயம் எதையும் அங்கே சொல்லாதே என்றேன். தலையாட்டினான்.

செப்டம்பர் 26
லாரிகளுக்குப் புது அப்டேட். எல்லாமே திரும்பவும் ‘சூடு’. எங்களை நம்பி வந்த ராசையா அண்ணன் இங்கே சார்ஜ் ஏறாமல் திரும்பி, கண்டெய்னரோடு நடுரோட்டில் நின்றுவிட்டார். போனில் அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

செப்டம்பர் 28
மறுபடி பதிவு செய்து பார்த்தேன். பெயரைக் கேட்ட பிறகு லாரி ஒரு கேள்வி கேட்கிறது. உடனே அதே கேள்வியை இன்னொரு தடவை. என் சார்ஜர் இரண்டுக்கும் பதில் சொல்லியிருக்கிறது.

பாவி. வேற ஒண்ணு யோசிக்கக்கூடத் தெரியலையாடா உனக்கு? என் வாயிலிருந்தா பிடுங்கணும்?

அக்டோபர் 6
சரிசெய்துவிட்டேன், சின்ன வேலைதான். ஆனால் ஒரு டிரைவரும் நம்பி வரத் தயாராக இல்லை.

அக்டோபர் 11
சர்க்கரை மூட்டைகள் இறங்கிவிட்டன. சார்ஜர் அவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் வால்டர் போன் செய்தான். கோபமா என்று கேட்டான். இல்லை என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “கோவமா கீறியா சுஜா?” என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை.