நாற்பத்தெட்டு மீட்டர்

வெள்ளையடிக்க ஆள் வருகிறார் என்று பரண்மேல் இருந்ததையெல்லாம் இறக்கினேன். தகரப் பெட்டிக்கு அடியில் என் பிளஸ் டூ கணக்கு கைடு கிடந்தது. அட்டை போய்விட்டது, முனையெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. ஆனால் பிரேக் போட்ட கார் கணக்கு இருக்கும் பக்கம் முழுசாக இருந்தது, ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகையோடு. கிரீஸ் கறுப்பு பழுப்பாகிவிட்டது, ரேகை அப்படியே இருக்கிறது. பைத்தியக்காரி மாதிரி மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தேன். பழைய காகித வாசனைதான் வந்தது.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நாலு நாள் டெங்குக் காய்ச்சல், ஐந்தாம் நாள் நீ இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் பாக்கி இருந்தது. சொல்வதற்கு இரண்டு வருஷம் அவகாசமும் இருந்தது. சொல்லவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன், படிக்க ஆளில்லாத பிறகு.

பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் நமக்கு ஒரே பெஞ்சு. அப்புறம் நான் கணக்கில் பி.எஸ்ஸி. சேர்ந்தேன், நீ பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ. அந்த வகுப்பில் நீ ஒருத்திதான் பெண். காசிமேட்டில் உன் நைனா வைத்திருந்த பட்டறைக்குத்தான் விசைப்படகு எஞ்சின்கள் எல்லாம் வைத்தியத்துக்கு வரும். "என் பொண்ணு நட பழகினதே எஞ்சினை புடிச்சிகினுதான்" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பெருமையாகச் சொல்கிறாரா, புலம்புகிறாரா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் மேல் போய் உட்காருவோம். எனக்குப் பட்டாணி, உனக்கு எண்ணூர் ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரி. நெரிசல் விட்டு ரோடு கொஞ்சம் காலியானால் போதும், மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வாய். லைட் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்று ஒரு நாள் வெயிலில் நடந்தே அளந்து வைத்திருந்தாய்.

"முப்பது மீட்டரு, ரெண்டு செகண்டு. அம்பத்தி நாலுல போறான் பாரு, சோமாறி. இப்ப பிரேக்கு புடிச்சான்னா அந்த டீக்கடைக்கு அந்தாண்ட போய்த்தான் நிப்பான்."

"ஐயே, உனக்கு வேற வேலையே இல்லியா?" என்று நான் சிரிப்பேன். அது கணக்கு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கணக்கென்றால் எனக்கு நோட்டில் எழுதுவது, அடியில் இரண்டு கோடு போடுவது.

என் இருநூற்றுக்கு இருநூறு பற்றி உனக்கு ஓர் உண்மை சொல்கிறேன். அந்தக் கைடை நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனப்பாடம் செய்திருந்தேன். எந்த வரிக்குப் பிறகு எந்த வரி, எங்கே 'ஆகவே', எங்கே 'எனப் பிரதியிட', எல்லாம் அத்துப்படி. பரீட்சையில் அதிலிருந்து எடுத்த கணக்குகளே அதே எண்களோடு வந்தன, கண்ணை மூடிக்கொண்டு இறக்கி வைத்தேன். தெருவே கொண்டாடியது. உன் நைனா மீன் வாங்கி அனுப்பினார். நான் கணக்கில் புலி என்று நானே நம்பிவிட்டேன்.

நீயோ விடையை மட்டும் எழுதிவிட்டு வருவாய். ஸ்டெப் எழுதாவிட்டால் எவன் மார்க் போடுவான்? பாலிடெக்னிக்கில் கணக்கு உனக்கு அரியர் விழுந்தது. "வெட தெரிஞ்சப்புறம் எதுக்குடி அத்தினி வரி?" என்று என்னிடம் வந்து சண்டை பிடித்தாய். இரண்டாம் தடவை தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்தாய்.

அந்த வருஷம்தான் உங்கள் வகுப்பை இருங்காட்டுக்கோட்டைக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு மெக்கானிக்கிடம் நீ ஏதோ கேட்டாய், அவர் அசந்துபோய் உன் கையில் ஒரு புத்தகம் கொடுத்தார். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளம்பரப் புத்தகம். ரேஸ் கார் செய்வதற்கென்றே அங்கே ஒரு பட்டப்படிப்பு இருந்தது, மோட்டார்ஸ்போர்ட் எஞ்சினியரிங். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முழுச் செலவும் ஏற்று இரண்டு இடம். சென்னையிலேயே ஒரு கணக்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு கல்லு மேல் வந்து உட்கார்ந்தாய். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாய், கையைக்கூடக் கழுவவில்லை.

"கணக்குல 'குட்'டா இருக்கணும்னு போட்டுகீறான். எத்தினி குட்டுன்னு போடலியே. பாஸானா போதுமா, இல்ல உன்ன மாதிரி இருநூறு வோணுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

நீ குரலைத் தாழ்த்தினாய். "நைனா மாப்ள பாத்துட்டாரு. அடுத்த வாரம் பேசி முடிக்கப் போறாங்க. வோணாம்னு சண்ட போடணும்னா எனக்கு ஒரு தெம்பு வோணும்டி. 'உன்னால முடியும்'னு நீ ஒரு வார்த்த சொன்னா போதும், நான் வூட்ல பாத்துக்கறேன். வராதுன்னா அதையும் சொல்லிடு. உன்ன வுட்டா எனக்கு யாரு மெய் சொல்லுவா?"

டியூஷன் பிள்ளைகளுக்காகப் பையில் வைத்திருந்த என் பழைய கைடை எடுத்தேன். வண்டிக் கணக்காகவே கொடுப்போமே என்று பெருந்தன்மை வேறு. பிரேக் போட்டதிலிருந்து t விநாடியில் ஒரு கார் ஓடும் தூரம் 24t − 3t² மீட்டர், நிற்பதற்குள் அது எவ்வளவு தூரம் ஓடும்? விடையைக் கையால் மறைத்துக்கொண்டு நீட்டினேன். பக்கம் காற்றில் படபடத்தது, நீ கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாய். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தாய். அப்புறம் 48 என்றாய்.

"எப்பிடி?"

"கெளம்பறப்ப செகண்டுக்கு இருவத்தி நாலு மீட்டரு. ஆறு ஆறா கொறையுது, நாலாவது செகண்டு நின்னுடும். சராசரி பன்னெண்டு. நாலு பன்னெண்டு நாப்பத்தெட்டு."

கையை எடுத்தேன். கைடில் 84 என்று இருந்தது.

"எம்பத்தி நாலா?" என்று வாய்விட்டுச் சிரித்தாய். "அம்மாந்தூரம் ஓடிச்சின்னா அந்த வண்டில பிரேக்கே இல்லடி!"

"புக்குல தப்பா போடுவாங்களா? நீ ஒரு ஸ்டெப்புகூட போடல. வகையிடல் பண்ணவே இல்ல. இப்பிடி எழுதினா அங்க சைபர்தான்."

சிரிப்பு நின்றது. "சரி, நீ சொல்லு. வருமா, வராதா?"

"வராதுடி. வேணாம். அவ்ளோ தூரம் போய் அசிங்கப்படாத."

உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். முழுப் பொய். இருநூறு வாங்கிய நான் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்க, அரியர் வைத்த நீ விமானம் ஏறுவதா என்று உள்ளே எரிந்தது. அதையும் இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

"சரி வுடு" என்றாய். என் பட்டாணியில் ஒரு கை அள்ளிக்கொண்டாய். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பட்டறைக்கு வந்தேன். ஒரு படகு எஞ்சினின் தண்ணீர் பம்பு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகாமல் இருக்க மூடிக்கு நடுவே வைக்கும் அட்டைப் பேக்கிங்கை வெட்டிக்கொண்டிருந்தாய். பம்பின் வாயில் அட்டையை வைத்து, சின்னச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டி எடுத்தாய். வளையமாக வந்த அட்டையில் ஒரு சிவப்புக் காரின் பாதி தெரிந்தது. அந்தப் புத்தகத்தின் மேலட்டை.

"அட்ட ஷோக்கா கீதுடி, தண்ணி எறங்காது" என்று சொன்னாய், என்னைப் பார்க்காமலே. அந்த ஆவணியில் உனக்குக் கல்யாணம். நல்ல மனிதர்தான், பட்டறையை உன் கையிலேயே விட்டார். காசிமேட்டுப் படகுக்காரர்கள் 'பொம்பள மேஸ்திரி' என்று உன்னைத் தேடி வந்தார்கள். அதை வைத்து என் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான் திருவொற்றியூரில் கணக்கு டீச்சர் ஆனேன். அதே பிரேக் கணக்கை ஒரு நாள் போர்டில் எழுதினேன், கைடைப் பார்க்காமல், பழைய மனப்பாடத்தில். கடைசி வரியில் 84 என்று போட்டுக் கீழே இரண்டு கோடும் போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "மிஸ், நாப்பத்தெட்டு வருது மிஸ்" என்றாள்.

போர்டைத் திரும்பிப் பார்த்தேன். நாலு இருபத்து நாலு தொண்ணூற்றாறு. மூன்று பதினாறு நாற்பத்தெட்டு. தொண்ணூற்றாறில் நாற்பத்தெட்டு போனால் நாற்பத்தெட்டு. அச்சுக் கோத்தவன் எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கழித்தலை, இருநூறு வாங்கிய நான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வகுப்பைவிட்டு வெளியே போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே வந்தேன். நீ வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தாய். உன் மகள் தரையில் படுத்துக் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, இது கரீட்டா?" என்று சிலேட்டைக் காட்டினாள்.

நீ கரண்டியை என் பக்கம் நீட்டினாய். "என்னிய இன்னாத்துக்கு கேக்கற? தோ, பெரிம்மா வந்துகீது. அதுகிட்ட கேளு. கணக்குல பெரிம்மா சொன்னா கரீட்டா இருக்கும்."

கேலியே இல்லாமல் சொன்னாய். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னாய், உன் தோழி என்று. சிலேட்டை வாங்கினேன், பார்த்தேன், சரி என்றேன். மீன் சாப்பிட்டேன். வந்துவிட்டேன். சொல்லி இனி என்ன ஆகப்போகிறது என்று பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன்டி. 'பெரிம்மா சொன்னா கரீட்டு' என்ற அந்த ஒரு வாக்கியத்தை நீ திரும்ப எடுத்துக்கொண்டால் என்னிடம் என்ன மிச்சமிருக்கும்?

அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது.

இப்போதெல்லாம் ஸ்டெப் இல்லாமல் விடை மட்டும் எழுதுகிற பிள்ளையை நான் திட்டுவதில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, எப்படி வந்தது என்று வாயால் சொல்லச் சொல்கிறேன். 'உனக்கு வராது' என்று யாரிடமும் சொல்ல நாக்கு எழுவதில்லை. உன் மகள் ஞாயிறுதோறும் வருகிறாள். நான் போட்ட கணக்கை நீயும் ஒரு தடவை போட்டுப் பார் என்று அவளிடம் சொல்கிறேன். ஏன் பெரிம்மா என்று கேட்கிறாள். இன்னும் காரணம் சொல்லவில்லை. சொல்லத்தான் போகிறேன், இந்தத் தடவை தள்ளிப்போட மாட்டேன்.

இன்று காலை சிவப்புப் பேனாவை எடுத்து அந்த 84-ஐ அடித்தேன். உன் ரேகைக்குப் பக்கத்தில் 48 என்று எழுதினேன். எத்தினி குட் என்று கேட்டாயே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உன்கிட்ட இருந்தது போதும்டி. அதைப் பார்க்கிற அளவுக்கு எனக்குத்தான் கணக்கு வரவில்லை.